கேஸ் போட்டவ

இங்க உக்காருங்க தாயி, இடம் கெடக்கு. புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு எதுக்கு நிக்கீக? அங்க பாருங்க, அந்தப் பெஞ்சில ஒருத்தி மடியில ஒருத்தி உக்காராத குறையா நெருக்கிக்கிட்டு இருக்காளுக. ஆனா இந்தப் பெஞ்சுக்கு வரமாட்டாளுக. எனக்கு என்ன அம்மையா போட்டிருக்கு? இல்ல. உள்ள உக்காந்திருக்காருல்ல டாக்டரு, அவரு மேல கேஸு போட்டவ நான். அதான்.

முழிக்காதீக. இதே ஆவுடையப்பன் டாக்டர் மேலதான். கேஸு போட்டவளுக்கு அவரு ஆஸ்பத்திரியில என்ன சோலின்னு கேக்கத் தோணுது உங்களுக்கு, மரியாதைக்காக வாய மூடிக்கிட்டு இருக்கீக. காத்தாடிக் கரண்டுக் கம்பெனிக்கு மாத்தலாகி வந்தவுகளா? நெனைச்சேன். உள்ளூர்க்காரின்னா இந்நேரம் எந்திரிச்சுப் போயிருப்பா.

என் பேரு ராஜகனி. பஜார்ல மாவு மில்லு என்னுதுதான். சண்டைக்குப் பேசுற மாதிரி இருக்கேன்னு பாக்காதீக, மெஷின்கிட்ட நின்னு நின்னு தொண்டை இப்படி ஆயிருச்சு. நீ ரகசியம் பேசுனா தெருமுனைக்குக் கேக்கும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாக. அவுக பேரு பால்பாண்டி. புருசன் பேரச் சொல்லக்கூடாதுன்னு கல்யாணம் ஆன நாள்லருந்து வாயக் கட்டி வச்சிருந்தேன். இப்ப கோர்ட்டுல போயி "பால்பாண்டி சம்சாரம் ராஜகனி"ன்னு ஆயிரம் தடவ சொல்லியாச்சு. ஆளே போனப்புறம் பேரச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் தாயி. காசு பணம் கேக்கல. ஒரு டாக்டரு, யாராவது ஒரு டாக்டரு, வாயத் தொறந்து சொல்லணும்: "ராஜகனி, உன் புருசன் செத்தது உன் கைக் காரத்தால இல்ல. நோய சரியான நேரத்துல பாக்காம விட்டதால"ன்னு. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் போகாத ஊரு இல்ல, கும்பிடாத ஆளு இல்ல. கடைசியா இங்க வந்து உக்காந்திருக்கேன்.

காரம் என்ன கதைன்னு கேளுங்க. என் மில்லுல வத்தப்பொடிதான் பேரு போனது. எங்க வத்தப்பொடி போட்டா கொழம்பு நெறமே தனி. கூரியர்ல சென்னைக்கெல்லாம் போகுது. என்னைய இந்த ஊர்ல மாவு மில்லு ராஜகனின்னு சொல்றதவிட வத்தப்பொடி ராஜகனின்னு சொல்றவுகதான் அதிகம். அதுவே எனக்கு எமனா வந்துச்சு.

எங்க வீட்டுக்காரரு தீப்பெட்டி ஆபீஸ்ல மேஸ்திரி. அவுகளுக்கு வெளிக்கிப் போகும்போது ரத்தம் போயிருக்கு. எங்கிட்ட மூச்சு விடல. வேட்டியத் துவைக்கும்போது நான்தான் பாத்தேன். என்னங்க இதுன்னா, "சூடு"ன்னாக. சூடு என்ன சூடு, ஆவுடையப்பன் டாக்டர்ட்ட போங்கன்னு விரட்டுனேன். வந்தாக. இவரு, "மூலம்டா பால்பாண்டி, காரத்தக் குறை, கருணைக்கிழங்கு நெறையத் தின்னு"ன்னு சொல்லி ஒரு களிம்பு எழுதிக் குடுத்தாரு. முடிஞ்சது. கட்டில்ல படுன்னு சொல்லல, வேட்டிய விலக்குன்னு சொல்லல. எங்க வீட்டுக்காரருக்கு அதுல அம்புட்டு சந்தோசம். "ஆளப் பாத்தே சொல்லிட்டாரு, மானத்த வாங்கல"ன்னாக. எனக்கும் சந்தோசந்தான்.

ஆவுடையப்பன் டாக்டர்னா அதுதான தாயி. அங்க போ, இங்க போ, அந்த டெஸ்டு எடு, இந்த ஸ்கேன் எடுன்னு ஆளப் போட்டு அலைக்கழிக்க மாட்டாரு. கையப் பிடிச்சாருன்னா நோயி தானா பேசும். கைராசின்னா அப்படி ஒரு கைராசி. என் மூத்தவன் கழுத்துல கொடி சுத்திப் பிறந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்கன்னு எல்லாரும் அலறுனாக. இவரு சட்டைக் கைய மடக்கி விட்டுட்டு, "எல்லாரும் வெளிய போங்க"ன்னாரு. கொஞ்ச நேரத்துல புள்ள அழுத சத்தம் கேட்டுச்சு. கேஸு போட்டாலும் அத இல்லைன்னு சொல்லிருவேனா? நாக்கு அழுகிப் போகும்.

எங்க வீட்டுக்காரரு ஒரு வருசத்துக்கு மேல இங்க வந்து வந்து போனாக. ஒவ்வொரு தடவையும் டாக்டரு முதல்லருந்து கேப்பாராம். "எப்பருந்து இருக்கு பால்பாண்டி? வலி உண்டா?"ன்னு, அன்னைக்குத்தான் முத முதலா வந்த ஆள்ட்ட கேக்குற மாதிரி. வீட்டுக்கு வந்து பெருமையாச் சொல்லுவாக, "என்ன பொறுமைங்குற ராஜகனி, அலுக்காமக் கேக்காரு"ன்னு. அதே களிம்பு. அதே கிழங்கு. எங்க வீட்டுல கருணைக்கிழங்கு வேகாத நாளே கிடையாது. அந்த வாடை வந்தாலே இப்ப எனக்குக் கொமட்டுது.

ஊருக்கெல்லாம் வத்தப்பொடி அரைச்சுக் குடுக்கிறவ, என் அடுப்புல ஒரு வத்தல் கிள்ளிப் போடல. ரசத்துக்கு மிளகு கூட எண்ணித்தான் போட்டேன். என்னைக்காவது நெத்திலிக் கொழம்பு வச்சா, அவுக தட்டுக்கு மட்டும் மீனத் தண்ணியில கழுவி, காரம் எடுத்துட்டுத்தான் வப்பேன். "என்னடி, மீனு குளிச்சிட்டு வந்திருக்கு"ன்னு கிண்டல் பண்ணுவாக. அப்படியும் ஆளு மெலிஞ்சாக. அரணாக்கொடி இடுப்புல நிக்கல, நழுவி நழுவி விழுந்துச்சு. நான் இறுக்கி முடிச்சுப் போட்டு விடுவேன். திரும்ப நழுவும். காரம் இல்லாமத் தின்னா உடம்பு எப்படி ஒட்டும்னு நெனைச்சுக்கிட்டேன்.

வேற டாக்டர்ட்ட காட்டலையான்னு கேக்கீக. கேஸுக்கு வச்ச வக்கீலம்மாவும் அதத்தான் கேட்டா. இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? சர்க்கார் ஆஸ்பத்திரின்னா தாலுகாவுக்குப் போகணும். அங்க பொம்பளை டாக்டர்ட்ட அந்த இடத்தக் காட்டுறதுக்கு அவுக செத்தாலும் போகமாட்டாக.

நடுவுல ஒருத்தன் வந்தான், இல்லைன்னு சொல்லல. முகிலன்னு பேரு. மீசை கூட ஒழுங்கா மொளைக்கல. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல போர்டு மாட்டுனான். தலைவலின்னு போனா ரத்தம் டெஸ்டு எடுங்கம்பான். இருமல்னு போனா எக்ஸ்ரே எடுங்கம்பான். கமிஷன் இல்லாம எவன் எழுதுவான் சொல்லுங்க? மாவுக்கு நிக்கிற பொம்பளைக எல்லாம் எங்கிட்டதான் வந்து பொலம்புவாளுக. "எரியுற வீட்டுல பிடுங்குனது லாபம்னு வந்திருக்கான்டி, அந்தப் பக்கம் போகாதீக"ன்னு நானும் வாய் வலிக்கச் சொல்லுவேன். என் மில்லுல ஒரு பேச்சு விழுந்துச்சுன்னா, பொழுது சாயுறதுக்குள்ள ஊரு பூரா போயிரும். அப்ப எனக்கு அப்படி ஒரு செல்வாக்கு.

ஒரு நாளு கல்யாண மண்டபத்துல கேம்ப்பு போட்டான் அந்தப் பய. ஐம்பது தாண்டுன ஆம்பளை பொம்பளை எல்லாரும் வாங்க, இலவசம்னான். இலவசம்னா விடுவோமா, போனோம். போனா, ஆளுக்கொரு டப்பா குடுக்கான். வெரல் தண்டி, திருகு மூடி போட்டது, மேல அவுகவுக பேரு எழுதி ஒட்டியிருக்கு. காலையில வெளிக்கிப் போறதுல ஒரு பொட்டு எடுத்து இதுல போட்டுக் கொண்டு வாங்க, ரத்தம் கலந்திருக்கான்னு பாக்கணும், குடல்ல கட்டி கிட்டி இருந்தா முன்கூட்டியே தெரிஞ்சிரும்னான்.

நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே! அடி வயிறு பிடிச்சுக்கிடுச்சு. படிச்ச படிப்புக்கு இதையாடா நீ கேக்குறன்னு அவன் மூஞ்சிக்கு நேரயே கேட்டேன். மறுநாள் மில்லுல அதான் பேச்சு. "டப்பா டாக்டரு"ன்னு பேரு வச்சதே நான்தான். கப்புன்னு பிடிச்சுக்கிடுச்சு ஊரு. அவன் வண்டியில போனா பள்ளிக்கூடத்துப் புள்ளைக "டப்பா, டப்பா"ன்னு கூப்பாடு போடும். ஒருத்தர் கூட டப்பாவத் திருப்பிக் கொண்டுபோயிக் குடுக்கல. கொஞ்ச நாள்ல போர்டக் கழட்டிக்கிட்டுப் போயிட்டான். ஊரு வாய மூட உலைமூடி உண்டா தாயி?

சரி, அத விடுங்க. கதை எங்கயோ போகுது.

ஒரு நாள் அவுகளுக்கு வயிறு கல்லா வீங்கிருச்சு. வெளிக்கும் போகல, காத்தும் பிரியல. மதுரைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். அங்க ஒரு டாக்டரம்மா கையுறை மாட்டி வெரல விட்டுப் பாத்தாக. பாத்த மாத்திரத்துல அவுக மூஞ்சி மாறிப்போச்சு. "இம்புட்டு நாளா யாரும் ஒரு வெரல விட்டுக்கூடப் பாக்கலையா?"ன்னு கேட்டாக. வெரல் தாயி! ஸ்கேன் இல்ல, மிஷினு இல்ல, ஒரு வெரல். குடல்ல கேன்சரு, ஈரலுக்கு ஏறிருச்சு, ஒரு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம்னாக. நான் அந்த வராந்தாவுலயே உக்காந்துட்டேன்.

வயித்துல ஓட்டை போட்டு, பை மாட்டி அனுப்பிட்டாக. வெளிக்கிப் போறது அந்தப் பையில வந்து சேரும். அத மாத்திவிட நான் போனா மூஞ்சிய அங்கிட்டு திருப்பிக்கிடுவாக. ஒரு நாளு கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கேன். என்னையே பாத்துக்கிட்டு இருந்தவுக, "உன் கைக் காரம்தான்டி என்னையத் தின்னுருச்சு"ன்னாக. சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு, சிரிக்காத மாதிரியும் இருந்துச்சு. விளையாட்டுக்குச் சொன்னாகளா, மனசாரச் சொன்னாகளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. கேப்போம் கேப்போம்னு இருந்தேன். அதுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. அப்புறம் ஆளே போய்ட்டாக.

துட்டிக்கு வந்தவளுக சும்மா இருப்பாளுகளா? பந்தலுக்குள்ள உக்காந்துக்கிட்டே பேசுறாளுக. எங்க மூத்த நாத்தனா மாரடிச்சு அழுகுறா, எப்படி? "வத்தப்பொடியப் போட்டுப் போட்டே எங்க அண்ணனக் கருக்கிட்டாளே"ன்னு. டாக்டரே காரத்தக் குறைன்னு சொன்னாராம், நான் கேக்கலையாம். நான் மீனக் கழுவிக் கழுவிப் போட்டது எவளுக்குத் தெரியும்? அவுக ஒருத்தருக்குத்தான் தெரியும். அவுகளோ நடுவீட்டுல படுத்திருக்காக, எனக்குச் சாட்சி சொல்ல வாயில்லாம.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். கோர்ட்டு சொல்லட்டும், காரத்தாலயா, கவனிக்காததாலயான்னு. போட்டேன் கேஸ. ஊரு கொதிச்சுப் போச்சு. சாமி மாதிரி மனுசன் மேல கேஸா, யானைக்கும் அடி சறுக்கும், அதுக்காகன்னு பஞ்சாயத்து. மில்லுக்கு வந்தவளுக நின்னுட்டாளுக. எல்லாம் இப்ப மிக்சியில அரைக்காளுக. மிக்சி எரிஞ்சாலும் என் வாசலுக்கு வரமாட்டாளுக. மெஷினு ஓடாத மில்லுக்குள்ள உக்காந்திருக்கிறது இருக்கே தாயி, காது அடைச்சுப் போகுது.

எனக்கு வக்கீலு செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு. ஆனா அவ என்ன சொல்லிட்டான்னா, "அக்கா, நீங்க சொன்னா பத்தாது, நான் வாதாடுனாலும் பத்தாது. நோய தாமதமாக் கண்டுபிடிச்சது தப்புன்னு ஒரு டாக்டரு எழுதிக் குடுக்கணும். அது இல்லைன்னா வர்ற வாய்தாவோட கேஸு தள்ளுபடி"ன்னுட்டா. மதுரை டாக்டரம்மாட்ட ஓடுனேன். "வைத்தியம் பாத்தேன்னு சொல்லுவேன், இன்னொரு டாக்டர் மேல எழுதமாட்டேன்"னு கையக் கழுவிட்டாக. திருநெல்வேலியில ஒரு பெரியவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, "நூத்துக்கு நூறு தப்பும்மா"ன்னாரு. அப்ப எழுதுங்கய்யான்னேன். பேனாவ மூடிச் சட்டைப்பையில சொருகிட்டாரு. காக்கா இனத்துக்காகக் கத்தும், இவுக இனத்துக்காக வாயே தொறக்க மாட்டேங்காக.

சரி, கெட்டவனோ நல்லவனோ அந்தப் பயலத் தேடிப் பிடிப்போம்னு கெளம்புனேன். யாரு? அதான் முகிலன். தூத்துக்குடியில பெரிய ஆஸ்பத்திரியில இருக்கான். என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னான். "மாவு மில்லு அம்மாதான?"ன்னான். ஞாபகம் வச்சிருக்கானேன்னு எனக்கு ஒரு தெம்பு. எல்லாத்தையும் சொன்னேன். நான் கொண்டுபோன மதுரை ஆஸ்பத்திரிக் காயிதத்தையெல்லாம் வாசிச்சான். கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டான். "அம்மா, அன்னைக்குக் கேம்ப்புல உங்க வீட்டுக்காரரு பேருல ஒரு டப்பா குடுத்தேனா?"

"குடுத்தியே, மறப்பேனா? நல்லா இறுக்கமான மூடி. கழுவி அதுலதான் பெருங்காயத்தூளு போட்டு வச்சிருக்கேன், ஒரு பொட்டு வாசம் போகல"ன்னேன். அவன் தரையப் பாத்துக்கிட்டே இருந்தான். ஒரு ஆறுதல் சொல்லணுமே! கல்நெஞ்சுக்காரன்.

எழுதித் தாப்பான்னு கேட்டேன். "எழுதுறது பெருசில்லம்மா. நான் எழுதுனா, இவன் பழி வாங்குறான், கமிஷன் வாங்கிட்டு எழுதிட்டான்னு உங்க ஊர்ல சொல்லுவாங்க. கோர்ட்டுல அவங்க வக்கீலும் அதையே சொல்லுவார்"னான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். யாரு சொல்லுவா? நீ நல்லது பண்ணப் போறப்ப எந்த நாக்கு அப்படிச் சொல்லும்? பேரச் சொல்லு, நான் போயிக் கேக்கேன்னேன். அவன் என்னையப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சுட்டு, தண்ணி குடிக்கீங்களாம்மான்னு கேட்டான். நான் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டேன்.

ஆகமொத்தம் இனி யாரு இருக்கா? இந்த மனுசன்தான். கேஸு போட்ட நாள்லருந்து ஒரு வாய்தாவுக்கு வரல. வெளிநாட்டுல இருக்கிற மகன் வக்கீல் வச்சு நடத்துறான். என் மூஞ்சில முழிக்க வெக்கம், இல்லைன்னா திமிருன்னு நெனைச்சுக்கிட்டேன். நேராப் போயிக் கேட்டுருவோம், "டாக்டர், என் தலையில கைய வச்சுச் சொல்லுங்க, என் காரமா, உங்க கவனமா?"ன்னு. மனசாட்சி உள்ள மனுசன் தாயி. நேருக்கு நேர் நின்னா பொய் வராது.

டோக்கன் தரமாட்டேன்னுட்டான் அந்தக் கம்பவுண்டரு மாசானம். "யக்கா, உங்களுக்கு என்ன செய்யுது?"ன்னான். "செய்யாதது எல்லாம் செய்யுது, குடுடா"ன்னேன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாக. இந்தா, கூப்பிடுறான். இருங்க தாயி, போய்ட்டு வாரேன். சத்தம் கேட்டா பயப்படாதீக.

*

இருக்கீகளா? எந்திரிச்சுப் போயிருப்பீகன்னு நெனைச்சேன். கொஞ்சம் தள்ளிக்கோங்க.

மெதுவாத்தான் பேசுவேன். அந்த மாசானம் இங்கயே பாத்துக்கிட்டு நிக்கான்.

வழி நெடுக மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன் தாயி, இதக் கேக்கணும் அதக் கேக்கணும்னு. உள்ள போனதும் நிமிந்து பாத்தாரு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "வா ராஜகனி, மில்லு நல்லா ஓடுதா? கொடி சுத்திப் பிறந்த பய எப்படி இருக்கான்?"ன்னாரு. எனக்குப் பொசுக்குன்னு ஆயிருச்சு. கேஸு போட்டவள இப்படி வாய் நெறைய வான்னு கூப்பிடுற மனுசனப் போயி என்னன்னு கேக்க? உக்காருன்னாரு. நான் உக்காரல. "டாக்டர், எங்க வீட்டுக்காரரு விசயமா ஒரு வார்த்தை கேக்கணும்"னு ஆரம்பிச்சேன்.

"ஆமா, பால்பாண்டி ஏன் வரல?"ன்னாரு. "மூலம் எப்படி இருக்கு அவனுக்கு? வரச்சொல்லு, பாப்போம். நீ காரத்தக் குறைச்சியா இல்லையா?"

நக்கல் பண்றாருன்னு நெனைச்சேன். சர்ருன்னு ஏறிச்சு எனக்கு. பல்லக் கடிச்சுக்கிட்டு அவரு கண்ணப் பாத்தேன். நக்கல் இல்ல தாயி. நான் என்ன சொல்லப் போறேன்னு பச்சப்புள்ள மாதிரி பாத்துக்கிட்டு இருக்காரு. அவரு முதுகுக்குப் பின்னால மாசானம் நின்னுக்கிட்டு என்னையப் பாத்துக் கும்பிடுறான். கண்ணுல தண்ணி நிக்கி அவனுக்கு.

அப்பத்தான் விளங்குச்சு. எங்க வீட்டுக்காரரு செத்தது அவருக்குத் தெரியாது. கேஸு தெரியாது. கோர்ட்டு தெரியாது. பழசெல்லாம் இருக்கு, புதுசு எதுவும் அந்தத் தலையில நிக்கல.

நான் என்ன சொல்ல? ஊரக் கூட்டிக் கத்தணும்னு வந்தவ. "குறைச்சிட்டேன் டாக்டர்"னேன்.

"அப்ப சரியாப் போயிரும், பயப்படாத"ன்னு என் கையத் தட்டிக் குடுத்தாரு. நானும் கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

திரைக்கு இங்கிட்டு வந்ததும் மாசானம் என் கையப் பிடிச்சுக்கிட்டான். "யக்கா, காய்ச்சல் சளிக்கெல்லாம் கை தானா எழுதிரும். தப்பா எழுதுனா நான் பாத்து மாத்திக் குடுத்துருவேன். வெளிய சொல்லிராதீக. இவரும் இல்லைன்னா இந்த ஊருக்கு யாரு இருக்கா?"ங்கான். எப்பருந்துடா இப்படின்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரரு வந்துபோயி இருந்தப்பயேவாடான்னேன். தலையத் தொங்கப் போட்டுட்டான் அவன்.

அந்தா உக்காந்திருக்காளுகளே, அவளுக எல்லாருக்கும் தெரியுமாம். தெரிஞ்சேதான் வாராளுகளாம், தெரிஞ்சேதான் மூடி மறைக்காளுகளாம். எனக்குத்தான் தெரியல. எங்கிட்டதான் எவளும் இப்ப பேசுறது இல்லையே.

செண்பகவல்லிட்ட சொன்னா ஒருவேளை கேஸு நிக்கும். சொல்லணும். சொன்னா இந்தக் கதவச் சாத்திருவாக. சாத்துனா வேற எவன் வருவான் இங்க? ஒரு டாக்டரு வந்தாலும் வாழ விடுதா இந்த ஊரு? வந்த ஒருத்தனையும் விரட்டி விட்டுட்டாக படுபாவிக. ஜெயிச்சாலும் என்ன? அந்த மனுசன் வாயால ஒரு வார்த்தை வராது இனி. காரத்தாலயா இல்லையான்னு கேக்கப் போனா, அந்த மனுசன் இப்பவும் காரத்தாலதான்னு சொல்லுறாரு. நான் யார்ட்ட போயிக் கேக்க? சொல்லுங்க, யார்ட்ட போக?

அழுகல. கண்ணு தானா ஊத்துது. விடுங்க.

உங்களத்தான் கூப்பிடுறான். இருங்க, எந்திரிக்காதீக. புள்ளைக்கு எம்புட்டு நாளாக் காய்ச்சல்? நேத்து விட்டுட்டுத் திரும்ப வந்துச்சா? கைய இங்க காட்டுங்க. இது என்ன செவப்புச் செவப்பாப் புள்ளி? கொசுக்கடின்னு நெனைச்சீகளா. வயித்துலயும் இருக்கே தாயி. ஐயோ, இத அவரு பாக்கமாட்டாரு. காய்ச்சல்னு நீங்க சொன்னதுமே கை மருந்து எழுதிரும்.

தாலுகாவுக்கு பஸ்ஸு மத்தியானம்தான். அதுவரைக்கும் புள்ளை தாங்கணும். முதல்ல ஆட்டோவுக்கு ஆள் அனுப்புறேன். அதுக்குள்ள உள்ள போயி ரத்தம் டெஸ்டுக்கு எழுதச் சொல்லுவோம். நாம சொல்லச் சொல்ல மாசானம் எழுதட்டும், அவரு கையெழுத்து மட்டும் போடட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு சீட்டாச்சும் கையில இருக்கும்.

நில்லுங்க, தனியாப் போகாதீக. நானும் வாரேன். எங்க வீட்டுக்காரரு அந்தத் திரைக்கு அங்கிட்டு எத்தனை தடவ போயிருப்பாக! "ஆம்பளை சீக்கு, நீ எதுக்குடி"ன்னாக. நானும் சரிதானன்னு வெளியவே உக்காந்திருந்தேன். அவுக கூட ஒரு தடவையாவது உள்ள போயிருந்தா, அவரு திரும்பத் திரும்ப அதையே கேக்குறத நான் பாத்திருப்பேன்ல தாயி.

புள்ளைய எங்கிட்ட குடுங்க. வாங்க.